உபயம்: ஆவுடையப்பன் பாத்திரமாளிகை

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி, எந்திரிக்க வேண்டாம். எனக்குக் காலை நீட்ட இந்தப் பக்கம்தான் வசதி. இந்தச் சுருளை மட்டும் உங்க பக்கமா கொஞ்சம் சாச்சு வச்சுக்கிடுதேன். கசங்கிரக் கூடாது. ஃபிளெக்ஸ்தான், வேற ஒண்ணுமில்ல.

மதுரையில இருந்தா வாரிய? அப்ப ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. இப்ப நான் ஏறுனேன்லா, புளியம்புதூர் விலக்கு, அங்க ரோட்டு நடுவுல ஒரு போர்டு நிக்குதே, பாத்தியளா? என்ன போட்டிருந்துச்சு? ஆங்! ‘ஆவுடையப்பன் பாத்திரமாளிகை’. கேட்டதும் சொல்லிட்டிய பாருங்க. அந்த ஆவுடையப்பன் நாந்தான். அதுக்குக் கீழ என்ன போட்டிருந்துச்சு? அது வாசிக்கலையா? பரவாயில்ல, பஸ்சு வேகமா வந்திருக்கும். ‘மெதுவாகச் செல்லவும்’னு போட்டிருக்கு.

அந்த போர்டு விசயமாத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன். இன்னைக்குத் திங்கக்கிழமை, மனு வாங்குற நாள்லா. போர்டைக் கழட்டணுங்காங்க தம்பி. சொந்தச் செலவுல, ஜனங்க உயிரைக் காப்பாத்தணும்னு ஒருத்தன் வச்ச போர்டை. இந்த நாட்டுல நல்லது செஞ்சா இதுதான் கதி. புதன்கிழமைக்குள்ள கழட்டலைன்னா அவுகளே வந்து அறுத்துப் போடுவாகளாம்.

முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. நாலுவழிச்சாலை வந்து ஆறு வருசம் ஆச்சு. எங்க ஊரை நடுவுல ரெண்டாப் பொளந்துட்டு. கிழக்கால வீடு, மேற்கால பள்ளிக்கூடம், ரேசன் கடை, நம்ம கடை எல்லாம். அரைக் கிலோ சீனி வாங்கணும்னாலும் நாலு வழியையும் தாண்டித்தான் ஆகணும். வண்டி என்னா வேகத்துல வருதுங்கிய! அடிபட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆட்டுக்காரன் ஒருத்தன், பால்காரன் ஒருத்தன், வாத்தியார் வீட்டம்மா. ஜனங்க மறியல் பண்ணுனாங்க. உடனே அரசாங்கம் பாதுகாப்பு ஏற்பாடுன்னு ஆரம்பிச்சுது பாருங்க, எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

முதல்ல ரோட்டுக்குக் குறுக்க வெள்ளையா தடிமனா கோடு போட்டாங்க, வண்டி கடகடன்னு குலுங்கி வேகம் குறையட்டும்னு. குலுங்குச்சு. ஆனா குலுங்குனது வண்டி இல்ல, நம்ம கடை. லாரி ஒவ்வொண்ணும் ஏறி இறங்குறப்ப மேல் தட்டுல இருந்து சம்புடம் ஒண்ணு கீழ விழும். அப்புறம் மஞ்சள் விளக்கு, மினுக்கு மினுக்குன்னு. சூரிய வெளிச்சத்துல ஓடுமாம். திறக்க வந்த ஆளு கார் ஏறுற வரைக்கும் மினுக்குச்சு. மறுநாள் பாத்தா பேட்டரியைக் காணோம். கம்பம் மட்டும் நிக்கி, காக்கா உக்காந்துக்கிடும்.

அதுக்கப்புறம்தான் பெரிய செலவு. நடைமேம்பாலம். படிக்கட்டு, சரிவுப்பாதை, கூரை, லிஃப்ட்டுக்கு இடம்னு அமர்க்களமாக் கட்டுனாங்க. எங்க கட்டுனாங்கங்கிய? ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. கேட்டா சிரிப்பிய. பழைய ரோட்டுல எங்க விலக்கு நாப்பத்தேழாவது கிலோமீட்டர் கல்லு. நாலுவழி போடுறப்ப வளைவை எல்லாம் நிமித்திட்டாங்கல்லா, தூரம் குறைஞ்சு போச்சு, கல்லு எல்லாம் தெக்க நகந்துட்டு. ஃபைல்ல மட்டும் பழைய நாப்பத்தேழு அப்படியே உக்காந்திருக்கு. காண்டிராக்டர் வந்தான், நாப்பத்தேழாவது கல்லைத் தேடுனான், பாலத்தைக் கட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, ஒரு குடிசை கிடையாது. செம்மறியாடுதான் ஏறி இறங்குது. ஒரு குறை சொல்லக் கூடாது, அந்த இடத்துல இதுவரைக்கும் ஒரு ஆடு அடிபட்டதில்ல.

போய்க் கேட்டோம். ஒரு ஆபீசர், நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தாரு, “அண்ணாச்சி, உங்க ஊருக்குன்னு ஒதுக்குனதை உங்க ஊருக்குன்னுதான் செலவழிச்சிருக்கு, பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு”ன்னு சொன்னாரு. எந்திரிச்சு வந்துட்டோம்.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அரசாங்கம் செஞ்சதுக்கெல்லாம் பேரு கிடையாது. யாரு செஞ்சான்னு கேட்டா யாரையும் காட்ட முடியாது. பேரு போட்டாத்தானே தம்பி பொறுப்பு வரும்? என் தொழிலே அதுதான். கல்யாணத்துக்கு ஒரு குத்துவிளக்கு வாங்குனாலும் சரி, ஒரு டம்ளர் வாங்குனாலும் சரி, அன்பளிப்பு இன்னாருன்னு பேரு வெட்டாம எங்க கடையில இருந்து வெளிய போவாது. அம்மன் கோயில்ல டியூப் லைட்டு நம்ம உபயம். டியூப் முழுக்க பேரு எழுதித்தான் குடுத்தேன். பூசாரி வெளிச்சம் கம்மியா இருக்குங்காரு. அம்மனுக்கு எதுக்குய்யா வெளிச்சம்? அவளே ஜோதிதானே?

பேரு வெட்டுறது யாருங்கிய? சொரிமுத்து. இருபத்தாறு வருசம் என் கடையில இருந்தான். மிசினைக் கையில பிடிச்சான்னா, எவர்சில்வர்ல எழுத்து அப்படியே பூத்து வரும். எதிர்த்து வாய் பேச மாட்டான். என்னை அண்ணாச்சி அண்ணாச்சின்னு... அவனைப் பத்திப் பொறகு சொல்லுதேன்.

முதல்ல போலீசுக்கு ரெண்டு இரும்புத் தடுப்பு வாங்கிக் குடுத்தேன். வண்டியை மறிக்க வைப்பாங்கல்லா, அதுதான். ரெண்டுலயும் நம்ம கடை பேரு. ஒரு வாரம்கூட ஆகல, எங்க கடைக்கு எதிர்த்தாப்புல ஜவுளிக்கடை வச்சிருக்கானே பரமார்த்தலிங்கம், அவன் நாலு தடுப்பு குடுத்துட்டான். அதுல ஒரு பொம்பளை பட்டுச்சேலை கட்டிச் சிரிக்கா. ரோட்டுல போறவன் எல்லாம் அவளைப் பாக்கானா, நம்ம பேரைப் பாக்கானா? பாதுகாப்புன்னு வந்தா அதுல போட்டியா போடுதது? சின்னப் புத்தி. எனக்கு மனசே ஆறல. அவன் ஒரு கடை பூராவும் சேலை தொங்கவிட்டுக்கிட்டு, என் தடுப்புக்குப் பக்கத்துல அவன் தடுப்பை ஒரு சாண் முன்னால தள்ளி வைப்பான் தம்பி. நான் ராவோட ராவா இழுத்து வைப்பேன். சரி, அது கிடக்கட்டும்.

அதுக்கப்புறம்தான் இந்த போர்டு வச்சேன். பன்னெண்டு அடி அகலம், எட்டு அடி உயரம், இரும்புச் சட்டம். ரோட்டு நடுவுல செடி வச்சு ஒரு திட்டு இருக்குல்லா, ஜனங்க கடக்குறதுக்கு அதுல ஒரு இடைவெளி விட்டிருக்கு. அந்த இடைவெளிக்கு ஒட்டினாப்புல, மதுரைப் பக்கமா, திட்டு மேல நிறுத்தினேன். ஆபத்து இருக்கிற இடத்துலதானே எச்சரிக்கை இருக்கணும்? அப்ப இருந்த இன்ஸ்பெக்டரே வந்து ரிப்பன் வெட்டுனாரு. சாலைப் பாதுகாப்பு மாசம், அவருக்கும் ஒரு போட்டோ வேண்டியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, ஜிலேபி குடுத்தோம். லாரிக்காரன்கூட நின்னு வாங்கிட்டுப் போனான். அன்னைக்கு ஒருநாள் எல்லா வண்டியும் மெதுவாத்தான் போச்சு.

எழுத்து எல்லாம் சொரிமுத்து அளவு போட்டுக் குடுத்ததுதான். சட்டம் நட்டுக்கிட்டு இருக்கறப்ப வந்து என் காதுல சொன்னான். “அண்ணாச்சி, போர்டுக் காலை நீளமா விட்டு, தலைக்கு மேல தூக்கி நிறுத்திருவோம். தரையோட வச்சா அந்தப் பக்கம் ஆள் நிக்கது தெரியாது”ன்னான். நான் கேப்பனா? ஏலே, தலைக்கு மேல தூக்குனா பஸ்சுக்காரன் வாசிப்பான், காருக்காரன் எப்படிலே வாசிப்பான், பாத்திரம் வாங்குறது காருல வாரவன்தானேன்னேன். சரி அண்ணாச்சின்னு போயிட்டான். அருமையான கைவேலைக்காரன், ஆனா வியாபாரம் தெரியாது அவனுக்கு.

பங்குனி மாசம். மத்தியானம் ஒரு மணி. வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்னு சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போனான். பாதி ரோட்டைத் தாண்டி, நடுவுல நின்னு, பொறகு அந்தப் பக்கம் எடுத்து வச்சிருக்கான். காரு ஒண்ணு மதுரையில இருந்து வந்திருக்கு. சத்தம் எனக்குக் கடையில கேட்டுச்சு தம்பி. மேல் தட்டுல இருந்துதான் என்னமோ விழுந்துட்டுன்னு நெனச்சேன். பையனை விட்டு எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கடை திறக்கல. எனக்குச் சோறு இறங்கல. இப்பவும் அந்த மிசினை யாரையும் தொட விட மாட்டேன். கூடப் பிறந்தவன் போனா என்ன அழுகை வருமோ அந்த அழுகை அழுதேன். பெருமைக்குச் சொல்லல. ஆஸ்பத்திரியில இருந்து சுடுகாடு வரைக்கும் எல்லாம் நான்தான் நின்னு பாத்தேன். பதினாறாம் நாளு வந்தவுக எல்லாருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் சொம்பு குடுத்தேன், ‘சொரிமுத்து நினைவாக’ன்னு வெட்டி. கீழ சின்னதா நம்ம கடை பேரு. ரொம்பச் சின்னதா.

அந்தக் காருக்காரன் போலீசுல என்ன சொன்னான்ங்கிய? “சார், ஆள் நின்னதே தெரியல, போர்டு மட்டுந்தான் தெரிஞ்சுது”ன்னுருக்கான். எனக்கு வந்துதே கோவம்! போர்டு தெரிஞ்சிருக்குல்லா? மெதுவாகச் செல்லவும்னு போட்டிருக்குல்லா? அப்ப மெதுவா வரவேண்டியதுதானேடா? நேருல கேட்டேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான்.

இப்ப ஹைவேஸ்ல புதுசா ஒரு உதவிப் பொறியாளர் அம்மா வந்திருக்கு, ஜெசிந்தான்னு. சின்ன வயசு. டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அங்கிட்டு அளக்கு, இங்கிட்டு அளக்கு, ரோட்டுல குத்தவச்சுப் பாக்கு. “சார், இந்த போர்டு பார்வையை மறைக்குது”ங்கு. போர்டு வச்சிருக்கதே பாக்கத்தானம்மான்னேன். அது சிரிக்கல. நோட்டீசு எழுதி ஒட்டிட்டுப் போயிட்டு. பரமார்த்தலிங்கம் வேலையா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அவன் தடுப்பை மட்டும் யாரும் தொடல, பாத்துக்கிடுங்க.

நான் விடுவனா? மேல ஆபீசுக்குப் போயி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஐயா, பொதுமக்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்த போர்டால எனக்கு இடைஞ்சல்னு எழுதிக் குடுத்திருக்காங்களா? ஃபைலைப் பெரட்டுறாங்க, பெரட்டுறாங்க. ஒரு தாள் இல்ல. “ஆமா, புகார் ஒண்ணும் வரல. கலெக்டர்கிட்ட மனு குடுங்க, புகார் இல்லாட்டி கழட்டுறதை நிறுத்தி வச்சிருவாங்க”ன்னு அவங்களே வழி சொல்லிட்டாங்க. அந்த ஜெசிந்தாம்மா பின்னால உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கி.

இந்தா, மனு. நூத்தி நாப்பது கையெழுத்து. ஊரே போட்டிருக்கு. கையெழுத்துப் போட்ட ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன், அது வேற விசயம். நம்ம ஊரு வழக்கம் அது, வீட்டுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்.

இந்தச் சுருளு என்னன்னு கேட்டியளே. கேக்கலையா? சரி, சொல்லுதேன். புது டிசைன். சொரிமுத்து போட்டோ நடுவுல, சிரிச்ச முகம். ‘சொரிமுத்து நினைவு விபத்துத் தடுப்புப் பலகை’. பன்னெண்டு அடி பத்தாது, பதினஞ்சு அடி ஆக்கப் போறேன். திட்டு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் அடைச்சு நிக்கும். அவன் உயிரை விட்ட இடத்துல அவன் முகம் தெரியணும் தம்பி. எவனும் அவனை மறக்கக் கூடாது. இதுக்காவது அனுமதி குடுக்க மாட்டாங்களா?

மெதுவாத் தலையைத் தூக்கிப் பாருங்க. முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல பச்சைச் சேலை கட்டி ஒருத்தி இருக்காளே, மடியில மஞ்சப்பை. அவதான் பேச்சித்தாயி, சொரிமுத்து சம்சாரம். அவளும் கலெக்டர் ஆபீசுக்குத்தான். விதவைப் பென்சனுக்கு எழுதியிருப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முடிச்சுக் குடுத்திருப்பேன். ரோசக்காரி. இந்த டிசைனை அவகிட்டதான் முதல்ல கொண்டு காட்டுனேன். “வேண்டாம் அண்ணாச்சி, அவுக பேரை எங்கயும் போடாதிய”ன்னா. அடக்கமான குடும்பம். கையெழுத்துக்குத் தாளை நீட்டினப்பவும் சுவரைப் பாத்துக்கிட்டு அழுதா. நானும் வற்புறுத்தல. துக்கம்லா.

ஒண்ணு சொல்லுதேன், அதை நெனச்சா எனக்கே கண் கலங்கிரும். தினம் சாயங்காலம் மகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கிட்டு வாரா. மூணாப்பு படிக்கி. அந்த இடைவெளியில வந்ததும் பிள்ளையைப் பின்னால நிறுத்திட்டு, போர்டு ஓரமா கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கா. பொறகு இழுத்துக்கிடுதா. திரும்பவும் நீட்டுதா. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் அப்படியே. புருசன் நின்ன இடம்லா, நகர மனசு வராது. நான் கடையில இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஏ பேச்சித்தாயி! இங்க வாம்மா! இல்ல, இல்ல, நீ இரு, பஸ்சு ஆடுது. மனுவை மட்டும் குடுத்தனுப்பு. இந்தத் தம்பி படிச்சவரு, ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுவாரு. ஒரு எழுத்துப் பிசகுனாலும் தாலுகா ஆபீசுல அலையவிட்டுருவான். குடும்மா. நான் என்ன அன்னியனா? யய்யா கண்டக்டரு, அதைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க.

என்ன யோசிக்கா பாருங்க. குடுத்துட்டா. இந்தாங்க தம்பி, நீங்களே வாசிங்க, நான் கண்ணாடி கொண்டுவரல. வாசிங்க, எனக்குக் கேக்கும்.

ம். ‘அனுப்புநர்’, சரி. ம். ‘என் கணவர் கடந்த பங்குனி மாதம்’, ம்... சரியாத்தான் எழுதியிருக்கா, யாரு எழுதிக் குடுத்தாங்களோ. ம். ‘எதிரே வரும் வாகனம் தெரியாதபடி’... என்னது? இருங்க. எது தெரியாதபடி? திரும்ப வாசிங்க. மெதுவா வாசிங்க தம்பி.

‘என் மகளோடு தினமும் அதே இடத்தில்தான் கடக்கிறேன். பலகைக்கு வெளியே தலையை நீட்டித்தான் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தது நாங்கள்தான் என்று பயமாக இருக்கிறது.’

அப்படியா எழுதியிருக்கு? நீங்களாச் சேத்து வாசிக்கலையே?

வண்டியவா பாத்துக்கிட்டு இருந்தா அவ? தினமுமா?

மேல... மேல என்ன? எந்தப் பலகைன்னு எழுதியிருக்காளா? ‘ஆவுடையப்பன் பாத்திரமாளிகை உபயம் என்று எழுதிய பலகையை’... முழுப்பேரும் போட்டிருக்கா? ஊரு பேரும் சேத்தா? உள்ள கலெக்டர் வாசிப்பாரே தம்பி. சத்தமா வாசிப்பாங்களே, கூட்டத்துல. பேப்பர்க்காரங்க எல்லாம் நிப்பாங்களே.

பேனா இருக்கா உங்ககிட்ட? பேச்சித்தாயி, கோவிக்காத. மனுவை நான் தடுக்கல. நீ குடு. ஆனா இந்த ஒரு வரியில மட்டும்... நம்ம பேரை அடிச்சிட்டு, ‘ஒரு பலகை’ன்னு போட்டுக்கிடுவோம். அர்த்தம் ஒண்ணுதானே? தம்பி அழகா மாத்தி எழுதிருவாரு. என்ன சொல்லுத? பஸ்சு சத்தத்துல கேக்கல. கொஞ்சம் உரக்கச் சொல்லு.

என்ன கேக்கா பாத்தியளா தம்பி?

“பேரைப் போடலைன்னா எந்தப் பலகையைக் கழட்டணும்னு அவுகளுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?”ங்கா.

பேனாவை உள்ள வச்சிருங்க. தாளை மடிக்காதிய, அப்படியே அவகிட்ட குடுங்க. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பு வந்துட்டு. நான் இறங்கல, நீங்க சுருளை எடுக்க வேண்டாம். அவ முதல்ல போயி டோக்கன் வாங்கட்டும்.